காணும் பொங்கல் டூட்டி

படாளத்துக்கு வந்து கிருபாகரன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கம்பெனி பஸ்காரர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொழிற்பேட்டைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகிற பஸ் அது. அந்த பஸ்ஸில் எனக்கு மூன்றாவது சீட்டு.

பஸ்ஸில் முக்கால்வாசி பெண் பிள்ளைகள்தான். அவர்களுடைய அப்பனும் தாத்தனும் ஊரார் கழனியில் நாற்று பிடுங்கியவர்கள், கிருபாகரனின் அப்பனும்தான். இந்தப் பிள்ளைகள் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு செல்போன் உதிரி பாகங்களுக்குத் திருகாணி முடுக்குகிறார்கள். இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும்போது ஊரே அடங்கியிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கிய பெண் வீட்டுக்குள் போய், வாசல் விளக்கை ஒரு தடவை அணைத்துப் போட வேண்டும். போட்டால்தான் கிருபாகரன் கியரைத் தொடுவார். போட மறந்துவிட்டால் ஹாரன் அடித்துத் தெருவையே எழுப்பிவிடுவார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

ஊரார் பெண்களுக்கே இந்தக் காவல் என்றால் சொந்தப் பெண் ஜெனிட்டாவுக்கு எப்படி இருந்திருக்கும்? பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவர், ட்யூஷனிலிருந்து கூட்டி வருவது அவர். அவருக்கு ஷிப்டு இருந்தால் அம்மா ரெபேக்காள் அங்கன்வாடி வேலையை முடித்துவிட்டு ஓடுவாள். தெருமுனைக் கடையில் ஷாம்பு வாங்க அந்தப் பெண் தனியாகப் போய் நான் பார்த்ததில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சர்க்கரை ஆலையில் அரவை நடக்கிற மாதம். ஊர் முழுக்க வெல்லப்பாகு வாசனை. அதற்குமேல் ரெபேக்காள் வைத்த கறிக்குழம்பு வாசனை. நான் இரண்டாம் முறை சோற்றில் குழம்புக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது ஜெனிட்டா ஆரம்பித்தாள்.

"அம்மா, நாளைக்கி நாங்க மகாபலிபுரம் போறோம்."

"போறோம்னா யாரு?"

"நானு, அனு, இன்னும் ரெண்டு பேரு. அல்லாரும் நம்ம சர்ச் கொயர்ல பாடுற பொண்ணுங்கதான்."

"பெரியவங்க யாரு வர்றாங்க?"

"யாரும் வரல. நாங்க மட்டும்தான். பஸ்ல போயி பஸ்ல வந்துடுவோம்."

ரெபேக்காள் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டாள். "வேணாம். காணும் பொங்கலுக்கு அங்க மணலா தெரியும்? தலைதான் தெரியும்."

"போன வருசம் இன்னா சொன்ன நீ? அடுத்த வருசம் பாக்கலாம்ன."

"பாக்கலாம்னுதான சொன்னேன். பாத்தேன். வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. ஜெனிட்டா சிரிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பா, நீ சொல்லு. உன் பஸ்ல வர்றதுங்கல்லாம் யாரு வூட்டுப் பொண்ணுங்க? நடுராத்திரில வூட்டுக்கு வருதுங்க. அதுங்களுக்கு அப்பா அம்மா இல்லியா? உன்ன நம்பி அனுப்புறாங்கல்ல? என்ன நம்பி நீ ஒரு பகலுக்கு அனுப்ப மாட்டியா?"

கிருபாகரன் என்னைப் பார்த்தார். நான் எலும்பைப் பார்த்தேன். அந்த பஸ்ஸில் வருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேறு என்ன பதில் சொல்வார்?

"போயிட்டு வா" என்றார்.

ரெபேக்காள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாய்யா, நெசமாத்தான் சொல்றியா? இல்ல அண்ணன் குந்திகினு கீறாருன்னு சொல்றியா?"

"நெசமாத்தான். புள்ளைங்கள கட்டி வெச்சி வளக்கக் கூடாது. நாலு எடம் போனாத்தான் நாலு விசயம் தெரியும். இன்னாப்பா நான் சொல்றது?" என்று என்னிடம் கேட்டார். குரலில் அப்படி ஒரு பெருந்தன்மை.

"அப்ப தாம்பரம்?" என்றாள் ஜெனிட்டா. சந்து கிடைத்தால் விடுவாளா? தாம்பரத்தில் காலேஜ், தினமும் ரயிலில் போய் வருவது என்பது அவளுடைய ஆசை. மதுராந்தகத்தைத் தாண்டி ஒரு காலேஜும் கிடையாது என்பது அவர் முடிவு. மாசக்கணக்காக இந்த இழுபறி ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கி ஒழுங்கா போயிட்டு வா. எந்தப் பேஜாரும் இல்லாம வந்தீனா தாம்பரம் பேசலாம்."

ஜெனிட்டா எழுந்து போய் அனுவுக்குப் போன் போட்டாள். அடுத்த அறையிலிருந்து வந்த கூச்சலில் மாடத்துச் சிட்டுக்குருவி பறந்திருக்கும், எங்கள் தெருவில் சிட்டுக்குருவி இருந்திருந்தால்.

"எனக்கு இஷ்டமில்ல. சொல்லிட்டேன்" என்றாள் ரெபேக்காள். சொன்னாளே தவிர, அன்று சாயங்காலமே புளி கரைத்தாள். மறுநாள் காலையில் நாலு பேருக்குப் புளிசோறும் வடையும் கட்டிக் கொடுத்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பாதி கிருபாகரனே சொன்னது, பாதி ஜெனிட்டா சொன்னது. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் நான் ஜெனிட்டாவை நம்பியிருக்கிறேன்.

காலையில் நாலு பெண்களும் ஒரே மாதிரி பச்சைச் சுடிதாரில் கிளம்பினார்கள். கிறிஸ்துமஸுக்குக் கொயரில் பாடுகிறவர்கள் எல்லாரும் ஒரே துணியில் தைத்துக்கொள்வது எங்கள் பக்கத்துச் சபைகளில் வழக்கம். இந்த வருஷம் செங்கல்பட்டில் எடுத்த மயில்கழுத்துப் பச்சை, கழுத்தில் பொன் நிற லேஸ். பொங்கல்வரைக்கும் அதற்குப் புதுத் துணி மரியாதை உண்டு. கிருபாகரன் அந்தப் பச்சையைப் பார்த்து மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார். எத்தனை கூட்டமாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆமாம். மனிதர் பின்னாலேயே போவதென்று முந்தின நாளே முடிவு பண்ணியிருந்தார்.

"அர்ஜெண்ட் டூட்டி" என்று ரெபேக்காளிடம் சொல்லிவிட்டு டி.வி.எஸ்.ஸை எடுத்தார். தலையில் தொப்பி, மூக்குக்கு மேலே மாஸ்க். பாலாற்றுப் பாலம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பெண்கள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் வேனிலும் குட்டியானையிலும் ஜனம் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. இவர் ஒருத்தர்தான் ஜுரம் வந்தவர்போல் போர்த்திக்கொண்டு போகிறார்.

மாமல்லபுரத்துக்கு வெளியிலேயே போலீஸ் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். டி.வி.எஸ்.ஸை ஓரங்கட்டிவிட்டு நிமிர்ந்தபோது பஸ்ஸையும் காணோம், பெண்களையும் காணோம். எங்கே பார்த்தாலும் ஜனம். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே குடும்பம் குடும்பமாகக் கை தூக்கிப் போட்டோ எடுக்கிறார்கள். கரும்பு ஜூஸ், மாங்காய்க் கீற்று, பஞ்சு மிட்டாய், பலூனைத் துப்பாக்கியால் சுடுகிற கடை. பெண்ணை நினைத்து அவருக்குக் கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டதாம்.

அப்புறம் கலங்கரை விளக்கத்துப் பக்கம் பச்சை தெரிந்தது. மயில்கழுத்துப் பச்சை, நாலைந்து. நடுவில் ஒற்றைச் சடை போட்ட உயரமான பெண், நம் ஜெனிட்டா. போன உயிர் திரும்பி வந்தது.

கிட்டப் போனால் தெரிந்துவிடுமே? தூரத்திலேயே தொடர்ந்தார். பச்சை ஐந்து ரதத்துக்குப் போனால் இவரும் போவார். பச்சை சங்கு வளையல் கடையில் நின்றால் இவர் எதிர்க்கடையில் தொப்பி விலை கேட்பார், தலையில் தொப்பியை வைத்துக்கொண்டே. பச்சை ஐஸ் வாங்கித் தின்றது. வெயில் ஏறியது. இவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மாஸ்க்கை இறக்க வேண்டுமே.

கடற்கரைக் கோயில் பக்கத்து மணலுக்கு வந்தபோது சிவப்புச் சட்டை போட்ட ஒரு பையன் எங்கிருந்தோ வந்தான். சடைக்காரியின் தலையில் ஒரு தட்டு தட்டினான். அவள் கையிலிருந்த மாங்காயைப் பிடுங்கித் தின்றான். அவளும் சிரித்துக்கொண்டே அவன் முதுகில் குத்தினாள்.

கிருபாகரனுக்கு ரத்தம் கொதித்தது. தாம்பரம் போயிற்று, மதுராந்தகம் போயிற்று, காலேஜே கிடையாது என்று அந்த மணலிலேயே முடிவு பண்ணினார். நாலே எட்டில் போய்ப் பையனின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"யார்ரா நீ? எத்தினி நாளா நடக்குது இது?"

சடைக்காரி திரும்பினாள். அவள் ஜெனிட்டா இல்லை.

பக்கத்தில் இருந்த பச்சைகளைப் பார்த்தார். அனுவும் இல்லை. ஒரு முகமும் தெரிந்த முகமாக இல்லை.

"அங்கிள், யாரு நீங்க?" என்றாள் அந்தப் பெண். "காலைலேர்ந்து பாக்குறேன், லைட் அவுஸ்லேர்ந்து எங்க பின்னாடியே வந்துகினு கீறீங்க. வளையல் கடைலயும் நின்னீங்க. இன்னா வேணும் உங்களுக்கு?"

"ஜாய்ஸு, இவர்தானா அது?" என்றான் பையன். அவன் அவளுடைய தம்பி ஆல்வின். "மாஸ்க்க எறக்குங்க சார் மொதல்ல."

கூட்டம் கூடிவிட்டது. பொங்கல் அன்று வேடிக்கைக்குத்தானே ஜனம் வந்திருக்கிறது. யாரோ ஒருத்தர், வயசுக்கு வந்த பொண்ணுங்க பின்னாடி வர்ற வயசா இது என்றார். கிருபாகரன் மாஸ்க்கை இறக்கினார். ஒரு பஸ் நிறையப் பெண்களை வீட்டு வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடுகிற மனிதர். அவரைப் பார்த்து இந்த வார்த்தை. அவர் சொன்னதில் நான் கேலி பண்ணாமல் இருந்த இடம் இது ஒன்றுதான்.

போலீஸ் பந்தலுக்குக் கூட்டிப்போனார்கள். தொலைந்துபோன பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். பந்தலில் இருந்த பெண் எஸ்.ஐ. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இன்னா தொழில் பண்றீங்க?"

"கம்பெனி பஸ் ஓட்டுறேங்க மேடம்."

"இந்தப் பொண்ணுங்க பின்னாடி எதுக்குப் போனீங்க?"

"என் பொண்ணுன்னு நெனச்சிட்டேங்க. அதுவும் இதே பச்சதான் போட்டுகினு வந்துது. கொயர் துணிங்க."

ஜாய்ஸ் தன் சுடிதாரைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "எங்களுதும் கொயர் துணிதான் மேடம். செய்யூர் பக்கம் எங்க சபை."

"சரி, உங்க பொண்ணு கூடதான வந்தீங்க? எங்க அது?"

"கூட வரலீங்க. அது ஃபிரண்ட்ஸோட வந்துது."

"அப்ப நீங்க?"

"நான் பின்னாடி வந்தேன்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

எஸ்.ஐ. அம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஜாய்ஸ் துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிஸ்கட் தின்ற பிள்ளைகள்தான் சிரிக்காமல் இருந்தன.

"நீங்க சொல்றது நெசம்னு யாராச்சும் வந்து சொல்லணும். பொண்ணுக்குப் போன் போடுறீங்களா, வூட்டம்மாவுக்குப் போடுறீங்களா?"

அவர் யோசித்தார். ரெபேக்காளுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். "பொண்ணுக்கே போடுறேங்க" என்றார்.

ஜெனிட்டா ஓடி வந்தாள். பின்னாலேயே அனுவும் மற்ற இருவரும், மூச்சிரைக்க. அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவளுக்கு முகமெல்லாம் வெளுத்திருந்தது. பந்தலில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் தன் சுடிதாரையே போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். எஸ்.ஐ. நடந்ததைச் சொன்னார்.

"இவரு உங்க அப்பாவாம்மா?"

ஜெனிட்டா உடனே பதில் சொல்லவில்லை. அந்த நேரம் தனக்கு ஒரு யுகம் என்கிறார் கிருபாகரன். சும்மா இரண்டு நொடிதான் என்கிறாள் அவள்.

"ஆமா மேடம். எங்க அப்பாதான். நல்லவரு மேடம். எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்வாங்க. அவரு பஸ்ல வர்ற பொண்ணுங்களக் கேட்டுப் பாருங்க, அவர நம்பித்தான் அவங்கவங்க வூட்ல தூங்குறாங்க."

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கிருபாகரனுக்கும்.

"சரிம்மா, உன் பொறுப்புல கூட்டிகினு போ" என்றார் எஸ்.ஐ. அம்மா. பக்கத்தில் ஒரு போலீஸ்காரம்மா சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோர் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிக்கொண்டிருந்தார். "இவருக்கும் ஒண்ணு கட்டு. பொண்ணு நம்பர எழுதிக் கட்டு. கூட்டத்துல மறுபடி காணாமப் போயிடப் போறாரு."

கட்டினார்கள். கையை நீட்டிக்கொண்டு நின்றார் கம்பெனி பஸ்காரர். அனு போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோ இப்போது என் போனிலும் இருக்கிறது.

வெளியே வந்து சவுக்கு நிழலில் ஜெனிட்டா நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"எதுக்குப்பா இப்டி பண்ண?"

"பயமா இருந்துச்சும்மா. கூட்டம்."

"அம்மாவுக்குந்தான் பயம். அம்மா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. எனக்குக் கோவம் வந்துச்சி, சண்ட போட்டேன், அவ்ளோதான். நீ போன்னு சொன்ன. நேத்து ராத்திரி சந்தோசத்துல எனக்குத் தூக்கமே வரல தெரியுமா? எங்கப்பா என்ன நம்புறாருன்னு அல்லாருகிட்டயும் சொன்னேன். நீ பின்னாடியே வந்துகினு கீற."

அவர் மணிக்கட்டில் கட்டிய பட்டையைத் தடவினார்.

"தப்புதாம்மா" என்றார். "போன்னு சொன்னவன் வூட்லயே இருந்திருக்கணும். இல்லன்னா வேணாம்னாச்சும் சொல்லியிருக்கணும்."

அதற்குள் ஜாய்ஸ் கிட்டே வந்துவிட்டாள். வந்தவள் ஜெனிட்டாவின் கழுத்து லேஸைத் தொட்டுப் பார்த்தாள். "இது செங்கல்பட்டுல எடுத்ததுதான?"

"ஆமா. மணிக்கூண்டுகிட்ட."

"அடப்பாவி, எங்களுக்கும் அதே கடதான். வேற எந்தச் சபையும் எடுக்கல, உங்களுக்கு மட்டுந்தான்னு கடக்காரன் சொன்னான்."

"எங்ககிட்டயும் அதேதான் சொன்னான்."

அவ்வளவுதான், இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. வட்டமாக உட்கார்ந்து தூக்குகளைத் திறந்தார்கள். இவர்கள் புளிசோறும் வடையும், அவர்கள் சுண்டவைத்த கறிக்குழம்பும் நெத்திலி வறுவலும். ஆல்வின் போய் ஆளுக்கொரு வறுத்த சங்கரா வாங்கி வந்தான். அதில் ஒரு மீனைக் கிருபாகரன் தட்டில் வைத்து, "அங்கிள், தோள்பட்ட இன்னும் வலிக்குது, இருந்தாலும் சாப்புடுங்க" என்றான். கிருபாகரன் அவன் தோளைத் தேய்த்துவிட்டார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்தவர் மூன்று ஆள் சோறு சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் பச்சைகள் எல்லாம் எழுந்து நின்று கடலைப் பார்த்துக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடின. பொங்கல் கூட்டம் சுற்றி நின்று கை தட்டியது. ஜாய்ஸ் கூட்டத்தின் இரண்டாம் குரல் ரொம்ப நன்றாக இருந்தது என்கிறார் கிருபாகரன். எங்கள் சபையில் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

வெயில் தாழும் முன்னாலேயே அவர் எழுந்தார்.

"நான் கெளம்புறேம்மா."

ஜெனிட்டாவும் எழுந்தாள். "நாங்களும் வரணுமா?"

"வேணாம். நீங்க இருங்க. இருட்டுறதுக்கு…" என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கினார். "பாத்து வாங்க."

அவள் கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தாள்.

"அப்பா, தாம்பரம்?"

"போ."

"போன்னா நெசமாவே போவா? இல்ல ட்ரெயின்ல அடுத்த பொட்டில நீ தொப்பி போட்டுகினு வருவியா?"

"வரமாட்டேன்."

"பாக்கலாம்" என்றாள், அம்மாவைப் போலவே. சிரித்துக்கொண்டே திரும்பி மணலில் ஓடினாள். பச்சைக்குள் பச்சையாகக் கலந்துவிட்டாள். எது ஜெனிட்டா, எது ஜாய்ஸ் என்று அவருக்கு மறுபடியும் தெரியவில்லை. இந்தத் தடவை அவர் நின்று தேடவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினார். பஸ்காரருக்கு எந்தக் கடையிலும் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார வரும். அன்றைக்கு பெஞ்சில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் மாமல்லபுரத்துப் பஸ்கள் ஒவ்வொன்றாகப் போயின. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்ததாம். ஒரு கையால் பிடித்து வைத்துக்கொண்டாராம்.

ரெபேக்காள் போன் அடித்தாள்.

"இன்னா, டூட்டி முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"காணும் பொங்கலுக்குக் கம்பெனியே லீவாமே. உன் பஸ்ல வர்ற பொண்ணு கறிவேப்பில கேக்க வந்து சொல்லிட்டுப் போச்சி. நான் வேணாம்னு சொன்னேன், சொன்னதோட நின்னுட்டேன். நீ போன்னு சொல்லிட்டு வேவு பாக்கப் போயிருக்கற. வெக்கமா இல்ல?"

"இருக்குது."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் தணிந்து கேட்டாள். "சரி, ஜெனிட்டா எங்க கீறா?"

"தெரியாது."

"இன்னாது?"

"பஸ் ஏறிட்டாளா, இன்னும் கடற்கரைலயே கீறாளா, தெரியாது. வருவா."

பதினேழு வருஷத்தில் மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது என அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"யோவ்" என்றாள் ரெபேக்காள். "உனக்கு ஒடம்பு நல்லாத்தான கீது?"

"நல்லா கீது" என்றார் கிருபாகரன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரொம்ப நல்லா கீது." போனை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே இன்னொரு டீ சொன்னார்.